தோப்புக்கரணமும் இடுப்பின் இறுக்கமும்

மகாகவி பாரதியார் நான்மணிமாலை பாடிப் போற்றிய புதுச்சேரி மணக்குள விநாயகரின் சந்நிதியில், இளையோர் கைகளைக் குறுக்கே மாற்றிச் செவிகளைப் பற்றித் தோப்புக்கரணம் இடுகின்றனர். முதியோர் பலரோ நெற்றியில் குட்டிக்கொண்டு, முழங்காலைச் சிறிதே மடக்கி நிமிர்ந்துவிடுகின்றனர். ஐங்கரனுக்குரிய வழிபாட்டில் குறை வைத்துவிட்டோமோ என்னும் ஏக்கம் அவர்கள் உள்ளத்தில் உண்டு, வாய்விட்டுச் சொல்வதில்லை.

இதற்கு முதுமை ஒன்றே காரணமன்று. தரையில் அமர்ந்து உண்டு, கோலமிட்டு, பாயில் படுத்து எழுந்த உடல் இன்று நாற்காலிக்குப் பழகிவிட்டது. மணிக்கணக்கில் அமர்ந்தே இருந்தால், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பின் முன்புறமாகத் தொடையெலும்பு வரை செல்லும் தசைகள் குறுகி இறுகுகின்றன. எழுந்து நிற்கையில் அவை கீழ்முதுகை முன்னோக்கி இழுக்கின்றன. இறுக்கம் இடுப்பில் இருக்க, வலி முதுகில் தோன்றுவதும் உண்டு.

ஆலய வழிபாடே இதற்கு மருந்தாகவும் அமைந்துள்ளது. பிராகாரத்தை வலம் வருதல், கொடிமரத்தின் முன் விழுந்து வணங்குதல், சிவாலயத்தில் தரிசனம் முடிந்தபின் சற்றே அமர்ந்து எழுதல் ஆகிய யாவும் இடுப்பை இயக்குபவை. கயமுகாசுரன் தேவர்களை அச்சுறுத்தித் தன்முன் தோப்புக்கரணம் இடச் செய்தான் என்றும், விநாயகர் அவனை அடக்கிய பின், அச்சத்தால் செய்ததையே அவர்கள் அன்பால் செய்தனர் என்றும் புராணம் கூறும். உடலைப் பயிற்றுவதற்கும் அதுவே நெறி; வருத்தி வளைத்தலாகாது.

அமரும்போது இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படியவேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருத்தல் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சில அடிகள் நடப்பது நலம். காலையில் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கித் தொடையின் பின்புறத்தைப் பற்றி மார்பை நோக்கி மெல்ல இழுத்து, மற்றொரு காலை நீட்டியே வைத்து, ஐந்து முறை மூச்சை இழுத்துவிடலாம். பின்னர்க் கால் மாற்றலாம். மடித்த கம்பளியின்மேல் அமர்ந்து, உள்ளங்கால்களைச் சேர்த்து வைக்கும் பத்தகோணாசனமும் ஏற்றது. தோப்புக்கரணத்திற்கு முன்பயிற்சியாக, அசையாத நாற்காலியில் மெல்ல அமர்ந்து எழுந்தால் போதும். மாலையில் வாகனங்கள் ஓடாத கடற்கரைச் சாலை நடைக்கு உகந்த இடம். 1968-ஆம் ஆண்டு கீதானந்த கிரி சுவாமிகள் ஆனந்தா ஆசிரமத்தை நிறுவிய இந்நகரில் யோகம் கற்பிப்போருக்கும் குறைவில்லை.

மூட்டு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும், எலும்பு தேய்ந்தோரும், குனிந்தால் தலைசுற்றுவோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்கவேண்டும். தசை இழுபடுவது தெரியலாம். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

முன்பு உடம்பை இழிவென்று எண்ணியிருந்த தாம், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணுவதாகத் திருமூலர் உரைக்கின்றார். அக்கோயிலின் கதவுகளும் இறுகிப்போகாமல் காப்பது திருப்பணியே. சில திங்கள் பழகியபின் ஒரு தோப்புக்கரணம் கைகூடினால் அது விநாயகன் அருள். கைகூடாவிடினும் குறையில்லை, தாழ்ந்த தலையையும் குவிந்த கரங்களையும் அவன் முழு வணக்கமாகவே ஏற்பான்.