சிவனொளிபாதத்தின் படிகள்

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் பாறை; காடு என்றால் தைலமரத் தோப்பு. அரிமளத்துப் பள்ளிப் பிள்ளைகளை உல்லாசப் பிரயாணம் என்று அழைத்துப் போனால் திருமயம் கோட்டையில் ஏறி இறங்குவோம். மிஞ்சினால் நார்த்தாமலை, குடுமியான்மலை. சித்தன்னவாசலில் சமண முனிவர்களின் குகைக்குப் போகும் வழியில் ஏழு படிகள் வெட்டியிருக்கிறார்கள். அதனாலேயே அவ்விடத்துக்கு ஏழடிப்பட்டம் என்று பெயர் வந்துவிட்டது. ஏழு படிக்கே ஒரு பெயர் சூட்டும் நாட்டவராகிய நாம், ஐயாயிரம் படியுள்ள மலையொன்றில் ஏறத் துணிந்ததற்குப் பக்தி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அந்த மலை இலங்கையிலுள்ள சிவனொளிபாதம். உயரம் 2,243 மீட்டர். இதைவிட உயர்ந்த சிகரங்கள் இலங்கையில் உண்டு. இதைப் போல் பெயர் பெற்றது வேறில்லை. உச்சிப் பாறையில் ஒரு பெரிய அடிச்சுவடு. அதைச் சிவபெருமானுடையது என்று சைவர்களும், புத்தர் பெருமானுடையது என்று பௌத்தர்களும், ஆதி பிதாவாகிய ஆதாமுடையது என்று முஸ்லிம்களும் கொண்டாடுகிறார்கள். ஏசுநாதரின் சீடர் தோமையருடையது என்பாரும் உண்டு. ஒரே சுவடுக்கு இத்தனை பேர் உரிமை கொண்டாடியும் அம்மலையில் ஏறுகிறவர்கள் ஒருவரையொருவர் நெட்டித் தள்ளாமல் ஏறுகிறார்களே, அது ஒரு விசேஷம்.

நமக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அரிமளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் 'கண்டிச் சீமைக்குப் போனவர்கள்' இல்லாத தெரு குறைவு. போனவர்கள் போன இடமோ இந்த மலையின் அடிவாரமும் அதை ஒத்த பிற மலைச் சரிவுகளும்தான். 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து மாத்தளை வரையில் காட்டு வழியே நடந்தார்கள். பேதியிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் வழியோரத்திலேயே மண்ணானார்கள். 1869க்குப் பிறகு இலைநோய் பரவிக் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. 1876 முதல் 1878 வரை நம் நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் மேலும் பல குடும்பங்களைக் கடல் கடக்கச் செய்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோகும் வரையில் அந்த வழியில் போக்குவரத்து நடந்தது. இன்றோ திருச்சிராப்பள்ளியில் விமானமேறினால் ஒரு மணி நேரத்துக்குள் கொழும்பு. முன்னோர் பல வாரம் நடந்த தூரத்தை, கொடுத்த பலகாரத்தைத் தின்று முடிப்பதற்குள் கடந்துவிடுகிறோம்.

2025ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் நாம் மூவர் புறப்பட்டோம். நாமும், சித்திர உபாத்தியாயரும், தேகப் பயிற்சி ஆசிரியரும். பொங்கலன்று இரவு ஹட்டனைத் தாண்டி, மஸ்கெலியாவுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தை அடைந்தோம். மஸ்கெலியாவின் பழைய ஊர் இன்று நீருக்குள் இருக்கிறது. 1969இல் மவுசாகலை அணை கட்டியபோது அது மூழ்கிற்று. கோடையில் நீர் வற்றினால் பழைய கோயிலும் விஹாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்குள்ளிருந்து தலை காட்டுமாம். இந்த வட்டாரத்து மக்களுக்கு ஊர் என்பது எவ்வளவு நிலையற்றதாக இருந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தோட்டத்தில் நமக்கு இடம் கொடுத்தவர் எண்பது வயதை எட்டிய ஓர் அம்மாள். அரிமளத்தில் நம் அண்டை வீட்டாருக்குத் தூரத்து உறவு. லயம் என்று அவர்கள் சொல்லும் வரிசை வீட்டில், ஒரு நடையும் ஓர் அறையும். வாசலில் பொங்கல் கோலம் இன்னும் அழியவில்லை. "வாங்க தம்பி" என்று சொன்ன மறு வாக்கியமே நம்மைத் திகைக்க வைத்தது. "நம்ம ஊர்க் கம்மா இந்த வருசம் பெருகுச்சா?"

அரிமளத்தை ஒரு நாளும் கண்ணால் பார்த்திராதவர் அவர். கண்மாயைப் பற்றித் தகப்பனார் சொல்லக் கேட்டதுதான். முக்கால் அளவு நிரம்பியது என்றோம். "அப்ப நெல்லு தப்பிச்சிடும்" என்று திருப்தியோடு தலையசைத்தார்.

ஆத்தாளின் கதை இம்மலைநாட்டின் கதைதான். அவர் பிறந்தது இந்தத் தோட்டத்தில். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு, குடியுரிமைச் சட்டம் ஒன்று செய்து, தோட்டத் தமிழரை எந்நாட்டுக் குடிகளும் அல்லாதவராக்கியது. 1927இல் காந்தியடிகள் வந்து பார்த்த மக்கள். 1939இல் ஜவஹர்லால் நேரு வந்து, இலங்கை இந்தியக் காங்கிரஸைத் தோற்றுவிக்கத் தூண்டிய மக்கள். அவர்களுடைய கதி, அவர்களைக் கேளாமலே, 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் முடிவாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்வது! கறிகாயைக் கூறு போடுகிறவனும் இன்னும் சற்று நிதானிப்பான். ஆத்தாளின் தமையனார் இந்தியக் கூற்றில் விழுந்து, கப்பலேறிக் கூடலூர்ப் பக்கம் போய், அங்கும் தேயிலையே பறித்துக் காலமானார். தங்கை இங்கே நின்றுவிட்டார். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அவர் பிறந்த நாடு அவரைத் தன் பிரஜை என்று ஒப்புக்கொண்டது.

அவர் வீட்டு வாசலில் நின்றால் மலை தெரிகிறது. பதினேழு முறை ஏறியிருக்கிறாராம். உச்சியில் ஒரு மணி கட்டியிருக்கிறது. எத்தனையாவது முறை ஏறினோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். "முழங்கால் போச்சு தம்பி. இனி அந்த மணியை நான் அடிக்கப் போறதில்லே" என்றார்.

மறுநாள் இரவு நல்லதண்ணி என்னும் அடிவார ஊரை அடைந்தோம். எத்தனை அழகிய தமிழ்ப் பெயர்! மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரையில் யாத்திரைக் காலம். அந்த மாதங்களில் வழி நெடுகிலும் விளக்கெரியும். பின்னிரவு ஒன்றரை மணிக்கு நடக்கத் தொடங்கினோம். தேய்பிறைச் சந்திரன் தலைக்கு மேல் இருந்தான். மேலே அண்ணாந்து பார்த்தால், விளக்குகளின் வரிசை வானத்தில் ஏணி சார்த்தியது போல் செங்குத்தாகப் போயிற்று. சித்திர உபாத்தியாயர் ஆஹா என்றார். தேகப் பயிற்சி ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் அரை மணி நேரம் தேயிலைக்கு நடுவே நடை. ஜப்பானியப் பௌத்தர்கள் கட்டிய வெண்ணிறச் சமாதான தூபியைத் தாண்டி, சீத கங்குலை என்னும் குளிரோடையில் கால் நனைத்து நடந்தால், தேயிலை முடிந்து காடு எதிர்ப்படுகிறது. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் கோடரி நின்ற இடம் அதுதான். 1940இல் இம்மலையைச் சூழ்ந்த வனத்தைச் சரணாலயமாக்கினார்கள். சுமார் 224 சதுர கிலோமீட்டர். 2010இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதி. களனி, களு, வளவை ஆகிய ஆறுகளுக்கு இவ்வனத்து ஈரமே தாய்ப்பால். உயரம் ஏற ஏற மரங்கள் குட்டையாகின்றன. கிளையெல்லாம் பாசி படர்ந்து, மேகமே வேரூன்றி நிற்கிறதோ என்று மயக்குகிறது. சிவந்த பூப் பூக்கும் மரம் ஒன்றை இறங்கும்போது கண்டோம். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்பார்களே, அதே இனம். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே மரம் வளர்கிறது. அதனிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

இனிப் படிகள். ஐயாயிரத்துக்கு மேல் என்பது நிச்சயம். 5,500 என்பது பொதுவழக்கு. தேகப் பயிற்சி ஆசிரியர் எண்ணிக்கொண்டே வந்தார். 1,240 என்னும்போது யாரோ இஞ்சித் தேநீர் வேண்டுமா என்று கேட்கக் கணக்குத் தப்பிற்று. பிறகு அவருக்கு மூச்சை எண்ணவே சரியாக இருந்தது. இந்தப் படிகளில் இரண்டு ஒரே உயரமாக இருப்பது அபூர்வம். ஒன்று சாண் உயரம். அடுத்தது முழங்காலுக்கு வரும். கால் ஒரு தாளத்துக்குப் பழகுவதற்குள் தாளம் மாறிவிடும். உடம்பெல்லாம் வியர்க்கும், நின்றால் காற்று எலும்பில் குத்தும். போர்வையில்லாமல் வருகிறவர்கள் உச்சியில் பொழுது விடியுமட்டும் படும் பாட்டைச் சொல்லி முடியாது.

வெள்ளுடை தரித்த சிங்களக் கிழவிகள் கைக்குழந்தைக்காரிகளுக்கு வழி விட்டுப் பாடிக்கொண்டே ஏறினார்கள். இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்து 'கருணாவை' என்று வாழ்த்துவது சம்பிரதாயம். நம்மவர் கூட்டமொன்று 'அரோகரா' போட்டது. இரண்டு குரலும் ஒன்றின் மேலொன்று விழுந்து மலையில் எதிரொலித்தன. எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடியவர்கள் முதுகில் மூட்டை சுமந்த இளைஞர்கள். மேலேயுள்ள தேநீர்க் கடைகளுக்கு மாவும் சீனியும் இவர்கள் முதுகில்தான் ஏறுகின்றன. பேசிப் பார்த்தோம், தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள். மற்றவர்கள் புண்ணியத்துக்கு ஒரு முறை ஏறும் படியை இவர்கள் கூலிக்கு நாள்தோறும் ஏறுகிறார்கள். நாட்கூலி 1,000 ரூபாய் என்பதைப் பெறத் தோட்டத் தொழிலாளர் ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021இல் அடைந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டோம். மூட்டை சுமந்தால் அதைவிடக் கிடைக்குமாம்.

வழியோரமெங்கும் பிளாஸ்டிக் புட்டிகள் கிடந்தன. போடாதீர் என்ற பலகையின் கீழேயே குவியல். இதற்காக இலங்கையரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை; நம் பழனியையும் திருவண்ணாமலையையும் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பௌத்தர்கள் வெள்ளை நூலைக் கட்டிச் செல்லும் இந்திகட்டுபானையைத் தாண்டியதும் கடைசி ஏற்றம். நடுவில் இரும்புக் கைப்பிடி. அதைப் பற்றி இழுத்துக்கொண்டு ஏறுவதுதான். நடை என்று அதற்குப் பெயரில்லை. 1344இல் இம்மலைக்கு வந்த மூர் தேசத்து யாத்திரிகர் இபன் பதூதாவின் காலத்தில் இரும்புச் சங்கிலிகள் தொங்கின. பத்து என்று அவர் கணக்குச் சொல்கிறார். அவருக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பியவன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அக்காலத்தில் அப்பன் வழி, அம்மை வழி என்று இரண்டு பாதைகள் இருந்தனவாம். அம்மை வழி சுலபம். ஆனால் அதில் ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்களாம்.

அரசர்களின் கதை இன்னும் வேடிக்கை. சீதாவாக்கையை ஆண்ட முதலாம் இராஜசிங்கன் (1581–1593) இம்மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். 18ஆம் நூற்றாண்டில் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைப் பௌத்த பிக்குகளுக்கே மீட்டுக் கொடுத்தான். சைவரிடம் தந்தவன் சிங்களவன். பௌத்தரிடம் திருப்பித் தந்தவன் மதுரைப் பக்கத்து நாயக்கர் குலத்தவன்! வம்சத்தை வைத்து மனிதனை எடை போடுகிறவர்கள் இந்தப் படிகளில் ஒரு நாழிகை உட்கார்ந்து யோசிக்கலாம்.

ஐந்தே முக்காலுக்கு உச்சியை அடைந்தோம். சிறிய இடம், திருவிழாக் கூட்டம். சுவடு பட்டுத் துணியால் மூடியிருந்தது. கிழக்கே கதிர் எழுந்ததும் எல்லோரும் மேற்குப் பக்கம் ஓடினார்கள். மூடுபனியின் மேல், கோலால் கோடு போட்டது போல் ஒரு முக்கோண நிழல்! மலை கூம்பாக இருப்பதால் நிழலும் கூம்பு என்று பலர் நினைப்பார்கள். மலை எந்த வடிவாயினும், அத்தனை நீண்ட நிழலை அதன் அடியிலிருந்து பார்ப்பவனுக்கு அது முக்கோணமாகவே தோன்றும். ரயில் தண்டவாளம் தூரத்தில் கூடுவதாகத் தோன்றவில்லையா, அப்படி. இதைச் சித்திர உபாத்தியாயரிடம் விளக்கினோம். சற்று நேரம் சும்மா இருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

மணியடிக்க வரிசை நின்றது. நம் முறை வந்தபோது தேகப் பயிற்சி ஆசிரியர் காதோடு, "ஆத்தாளுக்காகப் பதினேழு அடித்துவிடலாமா?" என்றார். பின்னால் நூறு பேர். முதல் முறை வந்தவர்கள் நாம் என்பது நம் முகத்திலேயே எழுதியிருந்தது. பதினேழு அடித்தால் அது பொய்க் கணக்கு. ஆளுக்கொன்று அடித்துவிட்டு நகர்ந்தோம்.

இறங்குவது ஏறுவதைவிடக் கொடிது. தொடைகள் நடுங்கின. காட்டைத் தாண்டித் தேயிலைக்குள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. சரிவுகளில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆத்தாள் உப்புப் போட்ட வெந்நீர் காய்ச்சி வைத்திருந்தார். நாங்கள் கால்களை அதில் விட்டதும், "எத்தனை அடிச்சீங்க?" என்றார். ஆளுக்கொன்று என்றோம். "அதான் சரி" என்றார். பிறகு உள்ளே போய்க் காகிதத்தில் கட்டிய அரைக் கிலோ தேயிலைத் தூளைக் கொண்டு வந்தார். கூடலூரிலிருக்கும் தமையன் மக்களிடம் சேர்க்க வேண்டுமாம். அவர்களும் தேயிலைத் தோட்டத்தில்தானே இருக்கிறார்கள் என்று சித்திர உபாத்தியாயர் கேட்டார்.

"இருக்கட்டும் தம்பி. அது அந்த மலைத் தேயிலை. இது இந்த மலைத் தேயிலை."

அரிமளம் திரும்பிய மறு வாரம் அதைத் தபாலில் அனுப்பினோம்.