பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது

கொஞ்சம் நீளமான பதிவு. காரைப் பற்றியது என்பதால் தோழிகள் யாரும் தாண்டிப் போய்விட வேண்டாம். காரில் பெரியவர்களையோ உடம்பு முடியாதவர்களையோ ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் படிக்கலாம்.

எங்கள் வீடு உசிலம்பட்டியில். வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷம் முன்னால் முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆனது. எல்4, எல்5 என்று சொல்வார்களே, அந்த இடம். அதன் பிறகு பிசியோதெரபிக்கு வாரத்தில் இரண்டு நாள் மதுரைக்குப் போய்வர வேண்டும். போக நாற்பது, வர நாற்பது கிலோமீட்டர். மின்வாரியத்தில் இருந்தவரை ஜீப்பையும் காரையும் அவர்தான் ஓட்டினார். இப்போது நான் ஓட்டுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டேன். இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை மேய்த்தவளுக்கு கிளட்ச் ஒன்றும் பெரிய விஷயமில்லை.

வண்டி 2012 மாடல் ஸ்விஃப்ட். எங்கள் தெருவில் தொடங்கி ஆஸ்பத்திரி சந்து வரை 23 வேகத்தடை, எண்ணி வைத்திருக்கிறேன். வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஓர் அளவு சொல்லியிருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மேலே மெல்ல வளைந்து இறங்க வேண்டும். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு சிமெண்டைக் குழைத்துத் திண்ணை மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பின்பக்கம் 'தொம்' என்று இறங்கி இரண்டு மூன்று தடவை ஆடும். ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை அவர் இறுக்கிப் பிடிப்பதைக் கண்ணாடியில் பார்ப்பேன். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்.

சஸ்பென்ஷனை மாற்றினால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். மதுரையில் ஒரு கார் அலங்காரச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் கேட்டது, "சார் வரலையா?" வரவில்லை, நான்தான் ஓட்டுகிறேன் என்றதும் ஒரு கணம் பார்த்துவிட்டு, சுருள்வில்லின் வளையங்களுக்கு நடுவே செருகும் தடித்த ரப்பர் பஃபர் நான்கை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இதைப் போடுங்க டீச்சர். வண்டி ஒரு இஞ்ச் தூக்கிரும். அடிவாங்காது, குலுங்காது." 3,200 ரூபாய். அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். சார் வராமலேயே ஒரு காரியம் முடித்தேன் என்ற கெத்தில் வீட்டுக்கு வந்தேன்.

ஓட்டுவதற்கு உண்மையிலேயே நன்றாக இருந்தது. வளைவில் சாயவில்லை, வேகத்தடையில் அடி உரசவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாருக்கு" என்றார். பக்கத்து வீட்டு டீச்சரிடம் பெருமை அடித்ததும் உண்டு.

ஏழு வாரம் இப்படிப் போனது. ராத்திரி வெந்நீர்ப் பை கேட்பது கூடியிருந்தது. குளிர்காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு மகளும் மருமகனும் சென்னையிலிருந்து வந்தார்கள். மகள் ஓட்ட, மருமகன் முன்னால் உட்கார, நான் அவரோடு பின்னால் உட்கார்ந்தேன். வண்டி வாங்கி இத்தனை வருஷத்தில் நான் பின் சீட்டில் உட்கார்ந்தது விரல் விட்டு எண்ணும் தடவைதான். செக்கானூரணி வருவதற்குள் எனக்கே இடுப்பு விட்டுப்போனது. பள்ளத்தில் விழுந்தால் மாட்டுவண்டி மாதிரி நேராக முதுகெலும்பில் அடிக்கிறது. தார் பெயர்ந்த இடத்தில் பல்லெல்லாம் ஆடுகிறது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். அதே கைப்பிடி, அதே பிடி.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ ஆசையா வாங்கிப் போட்ட. வேண்டாம்னா சங்கடப்படுவ."

அன்றைக்குப் பொங்கல் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. வலியைக் குறைக்கப் போய் கைக்காசு போட்டு வலியை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் ஏழு வாரம்.

மறுநாளே பஃபரைக் கழற்றிவிட்டு, பாடம் எடுக்கப்போகிறவள் மாதிரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். வகுப்பில் சுருள்வில் தராசை எத்தனை வருஷம் காட்டியிருப்பேன்! எடை இரண்டு மடங்கானால் நீட்சியும் இரண்டு மடங்கு. காரில் இருப்பதும் அதே வில்தான், இங்கே அமுங்குகிறது. வளையங்கள் எத்தனை வேலை செய்கின்றனவோ அதைப் பொறுத்துத்தான் வில்லின் இளக்கம். 10 வளையம் உள்ள வில்லில் ரப்பரைச் செருகி 2 வளையத்தை வேலை செய்யவிடாமல் தடுத்தால், மிச்சமுள்ள 8 வளைய வில் கால்பங்கு அதிக விறைப்பாகிவிடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வண்டி தூக்கியது, அடிவாங்கவில்லை. அதற்குக் காரணமே வில் விறைத்துப்போனதுதான். அந்த விறைப்பு எங்கே போய்ச் சேரும் என்பதைத்தான் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வில்லுக்குத் துணையாக ஷாக் அப்சார்பர் ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து அதுதான் அதிர்ச்சியைத் தாங்குகிறது என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது வில். வாங்கியதைத் திருப்பித் திருப்பி ஆட்டமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே எண்ணெய், அதற்குள் ஓட்டை போட்ட பிஸ்டன். எண்ணெய் சின்ன ஓட்டை வழியாகக் கஷ்டப்பட்டுப் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. வண்டி ஓடி வந்ததும் தொட்டால் கதகதப்பாக இருக்கும்.

இன்னொன்றும் படித்தேன். வண்டி செகண்டுக்கு ஒரு தடவை, ஒன்றரைத் தடவை மெதுவாக ஆடினால் உடம்புக்குச் சுகம். கிட்டத்தட்டத் தொட்டில் ஆட்டுகிற வேகம். மேலும் கீழுமான அதிர்வு செகண்டுக்கு 4 முதல் 8 தடவை என்று வந்தால் உட்கார்ந்திருப்பவரின் உடம்பை அதுதான் அதிகம் பாதிக்கிறது. வில்லை விறைப்பாக்குவது என்பது தொட்டிலை விட்டு அந்தப் பக்கம் நகர்வது.

மருமகன் நல்ல பிள்ளை. என் கவலையைப் பார்த்து, ஜி.பி. ரோட்டில் விசாரித்து ஒரு பட்டியலே அனுப்பினார். பில்ஸ்டைன் வாயு ஷாக், வண்டியைத் தாழ்த்துகிற வில், உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற காயில்ஓவர். விலை அரை லட்சத்தைத் தாண்டியது. ஓய்வூதியக்காரிக்கு அது சின்னத் தொகையில்லை, இருந்தாலும் அவர் முதுகுக்கு என்றால் கொடுத்துவிடுவேன். ஆனால் ஒவ்வொன்றின் விவரத்தையும் படித்தால் வேகமாக வளைவது, சாயாமல் திரும்புவது, தரையோடு ஒட்டி ஓடுவது என்றே இருக்கிறது. எல்லாம் ஓட்டுகிறவருக்கான சுகம். தாழ்த்துகிற வில்லைப் போட்டால் எங்கள் தெருத் திண்ணையில் வண்டி உட்கார்ந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் பார்த்தேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்னதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. எதையாவது மாட்டிவிட்டு இன்சூரன்ஸ்காரரிடம் நியாயம் பேசிக்கொண்டிருக்க இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை.

கடைசியில் எங்கள் ஊரிலேயே அம்பாசடர் காலத்திலிருந்து பட்டறை வைத்திருக்கும் ஒரு பாயிடம் போனேன். அவர் எதையும் விற்கப் பார்க்கவில்லை. "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க டீச்சர், மோசமான ரோடாப் பாத்து" என்றார். வந்ததும் குனிந்து பின்பக்க ஷாக் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். என்னையும் தொடச் சொன்னார். வலது பக்கம் சூடு. இடது பக்கம் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. "இது செத்து ரொம்ப நாளாச்சு. சூடே ஏறலன்னா வேலையே செய்யலன்னு அர்த்தம்." துடைத்துக் காட்டினார், எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. அடிதாங்கி ரப்பர் கையில் எடுத்ததும் பிஸ்கட்டாக உதிர்ந்தது. அந்த 'தொம்' அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

அதற்கு முன்னால் அவர் செய்த முதல் வேலை எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. டயரில் காற்றை அளந்தார். டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் போட்டிருப்பதைவிட ஆறு பவுண்டு கூடுதல். பங்கில் தம்பி கேட்பான், நான் "போடுப்பா" என்பேன், அவ்வளவுதான். டயரும் ஒரு வில்தான் என்பது சுருள்வில் தராசு காட்டியவளுக்குத் தோன்றவில்லை.

வாயு ஷாக் போடலாமா என்று கேட்டேன். "ஹைவேஸ்ல நூறுல போறவங்களுக்கு அது. உள்ள பிரஷர் இருக்கும், கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும். சாருக்கு வேண்டியது கம்பெனி எப்படிக் குடுத்துச்சோ அதே எண்ணெய் ஷாக்." இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒருபக்கமாக இழுக்கும் என்றார். டீலரிடமே வாங்கச் சொன்னார். டப்பாவில் விலையும் ஹோலோகிராமும் பார்த்து, பில் போட்டு வாங்கினேன். இந்தத் தடவை டீலர் கடையிலும் "சார் வரலையா?" கேட்டார்கள். "சாருக்குத்தான் வாங்க வந்திருக்கேன்" என்றேன்.

பாய் மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கீழ் போல்ட்டை முழுசாக முறுக்கவில்லை. சக்கரம் தரையில் உட்கார்ந்து பாரம் இறங்கிய பிறகுதான் இறுக்கினார். தொங்கும்போதே முறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியுமாம். ஷாக் இரண்டு, அடிதாங்கி ரப்பர், கூலி, மதுரையில் வீல் அலைன்மெண்ட் எல்லாம் சேர்த்து 5,600 ரூபாய்.

முடிந்ததும் பாயை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் உட்கார்ந்தேன், அவர் வழக்கமாக உட்காரும் இடது பக்கம். கையில் பாதி நிறைந்த தண்ணீர் பாட்டில். அந்தத் திண்ணை வேகத்தடையில் ஏறி, இறங்கி, ஒரே ஒரு தடவை அமுங்கி நின்றது வண்டி. மெத்தை மாதிரி என்று சொன்னால் பொய். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஷோரூமிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படி. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டதால் எனக்குத் தெரியவே இல்லை.

இப்போது நாலு மாதம் ஆகிறது. வலி போய்விடவில்லை, அது காரால் வந்ததும் இல்லை. வெந்நீர்ப் பை வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை. ரப்பர் பஃபர் நாலும் மாடிக் கதவுக்கு முட்டுக் கொடுக்க உதவுகின்றன.

அவரிடம் ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவை மதுரை போய் வந்ததும் எங்கே இடித்தது, எங்கே குலுங்கியது என்று எனக்குச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் "நல்லாருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார், நான் விடவில்லை. இப்போது பழைய லைன் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்துவிட்டார். போன வியாழக்கிழமை வீட்டு வாசலில் நிறுத்தியதும் இறங்கக்கூட இல்லை.

"டீச்சரம்மா, முன்னாடி இடது பக்கம் திருப்பும்போது டக்டக்குனு ஒரு சத்தம் வருது. நீ கவனிக்கல. பாயிட்டச் சொல்லி லிங்க் ராடைப் பாக்கச் சொல்லு. அப்புறம் அந்தப் பாலத்துக்கிட்ட நீ நாப்பதுல போற, முப்பதுல போ."