ஓடும் படத்தில் நீதி

நீதின்னு சொன்னாலே நம்ம மனசுல தண்டனைதான் வரும். அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 2014-ல் தொடங்கிய ‘பைபிள் புராஜெக்ட்’, 2017-ல் ‘ஜஸ்டிஸ்’ என்றொரு குட்டி அனிமேஷன் படம் வெளியிட்டது. எளியவர்களைத் தேடிப்போய்த் தூக்கிவிடுவதும் நீதிதான் என்று அது ஓடும் சித்திரங்களாலேயே சொல்கிறது.

அதைப் பார்த்துட்டு, நல்ல சமாரியன் கதையை நோட்டு மூலையில் வரைந்தேன். விநாடிக்கு 12 படம். அடிபட்டுக் கிடந்தவரை ஆசாரியர் கண்டுக்காமல் கடந்துபோக 12 தாளே போதும். சமாரியன் குனிந்து, காயம் கட்டி, தூக்கிவிட 96 தாள் ஆச்சு! விலகிப்போவது சுலபம், நண்பர்களே.

எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம். நடுவே ஒரு சுவர். இயேசுவை நம்பிச் செத்தவங்களுக்கு நடுவிலும் சுவரா? அடுத்து அதைத்தான் வரையப்போறேன். கல் கல்லாக இறக்க எத்தனை தாளோ! கைகொடுக்க வாங்க!