ஒத்து

சங்கரன்கோவிலில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சத்தம் கேட்டு அவர்கள் விழிப்பதில்லை. சத்தம் நின்றால் விழித்துக்கொள்வார்கள். நள்ளிரவில் மின்சாரம் போய் நான்கு விசைத்தறிகளும் ஒரே நேரத்தில் ஓய்ந்தால், கைக்குழந்தை உட்பட வீடே பாயில் எழுந்து உட்கார்ந்திருக்கும். மின்சாரம் திரும்பி முதல் தறி ஓடத் தொடங்கிய பிறகுதான் மறுபடியும் கண் செருகும்.

இங்கே ‘நாங்கள்’ என்று எழுதுவதற்குக் காரணம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருவருமே தமிழ் இலக்கியம் படித்தவர்கள்; ஒருவர் கல்லூரியிலும் மற்றவர் பள்ளியிலும் கற்பிக்கிறோம். எழுதுவது ஒருவர்தான் என்றாலும், இதில் சொல்லப்போவதை இருவரும் சேர்ந்தே கேட்டோம். ஒருவர் தறிக்கூடத்துக்குப் பின்னறையில் வளர்ந்தவர். மற்றவர் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்தவர். திருமணமான முதல் மாதம் முழுவதும் அவர் உறங்கவே இல்லை என்பது தனிக்கதை.

2021இல் தறிகளை விற்றோம். அப்பாவுக்கு எழுபதைக் கடந்திருந்தது. நூல் விலைக்கும் கூலிக்கும் நடுவில் அவரால் நிற்க முடியவில்லை. பழைய இரும்புக்கு எடை போட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசற்படியில் நின்று பார்த்தவர் ஒரு சொல் பேசவில்லை. விற்கலாம் என்று சொன்னவர்கள் நாங்கள்தான். தேர்வுக் காலங்களில் ‘தறியைக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா’ என்று கத்தியவர்களும், பிறகு அந்தத் தறி சம்பாதித்துக் கொடுத்த முதுகலைப் பட்டத்தோடு வேலைக்குப் போனவர்களும் இந்த வீட்டார்தான். ஆகவே அந்த மௌனத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

மௌனம் என்று எழுதினாலும் அப்பாவுக்கு அது மௌனமாக இல்லை. தறிகள் போன பிறகுதான் காதில் ஓர் இரைச்சல் இருப்பது அவருக்குத் தெரியவந்தது. விசில் போல, தண்டவாளத்தில் எங்கோ வெகுதொலைவில் வண்டி வருவது போல என்றார். இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். திருநெல்வேலியில் ஒரு காது மருத்துவரிடம் காட்டினோம். அவர் வரைபடத்தைக் காட்டி விளக்கியது எங்கள் இருவருக்கும் மறக்கவில்லை. இயந்திர இரைச்சலில் பல்லாண்டு வேலை செய்தவர்களுக்கு உயர்ந்த அதிர்வெண்கள், பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டியவை, முதலில் போய்விடுமாம். தாழ்ந்தவை தங்கும். பேச்சில் உயிரெழுத்துகள் பெரும்பாலும் தாழ்ந்த பகுதியில் இருக்கின்றன. ச, த, ப போன்ற மெய்களின் கூர்மை மேலே இருக்கிறது. ‘நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்பதுதான் கேட்கவில்லை’ என்றார்.

மெய் உயிரின் துணையோடுதான் இயங்கும் என்று ஆண்டுதோறும் எழுத்ததிகாரம் நடத்துகிறோம். மெய் உதிர்ந்து உயிர் மட்டும் மிஞ்சிய ஒரு தமிழ், பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்தோம். தட்டுச் சத்தமெல்லாம் தலையில் இடிக்கிறது என்று அலமாரியில் வைத்துவிட்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்த நிலையில், ஒரு ஆடித்தபசுக்கு ஊருக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரும் தறிக்காரர் மகன். சென்னையில் ஒலித்தொகுப்பு வேலை பார்க்கிறார். பேச்சு இசைக்குத் திரும்பியது. திரைப்படத்துக்கு வெளியே, பெரிய நிறுவனங்களின் துணையில்லாமல், நாலைந்து பேர் சேர்ந்து தாங்களே பதிவு செய்து வெளியிடும் இசையைத்தான் இப்போது கேட்பதாகச் சொன்னார். உள்ளங்கை அளவிலான ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்தார். ‘ஐயா, இதுல பாட்டு வராது. வரும்னு காத்திராதீங்க’ என்றார்.

நாங்கள் காத்திருந்தோம். எட்டு நிமிடம் கிதார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின, குரல் வரவில்லை. எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை என்ற டெக்சாஸ் குழு, 2003இல் வந்த தொகுப்பு என்றார். இந்த வகைக்குப் போஸ்ட்-ராக் என்று பெயராம். 1994இல் சைமன் ரெனால்ட்ஸ் என்ற விமர்சகர் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்: ராக் இசையின் கருவிகளையே வைத்துக்கொண்டு ராக் அல்லாத ஒன்றைச் செய்வது. பின்நவீனத்துவம், பின்காலனியம், பின்அமைப்பியல் என்று தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளில் ‘பின்’களால் குத்துப்பட்ட தலைமுறைக்கு மிகவும் அண்மையது எங்கள் தலைமுறை. இசையிலும் ஒரு ‘பின்’னா என்று சிரித்து அனுப்பிவிட்டோம்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. தமிழ் படித்தவர்களுக்குப் பாட்டு என்றால் சொல். தமிழிசை இயக்கம் கேட்டதே அதுதான்: மேடையில் பாடப்படுவது கேட்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்ற நியாயம். 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது அந்த நியாயத்தின் மேல்தான். அதை நாங்கள் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் சொல்லில்லாத இடத்தில் பொருளே இல்லை என்று அதை நீட்டிக்கொண்டது எங்கள் தவறு. கல்லூரி நாள்களில் இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ (1986) ஒலிநாடாவைத் தேய்ந்துபோகும்வரை கேட்டிருக்கிறோம். அதில் வரி இல்லை என்று யாரும் குறைப்படவில்லை. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் ஆளத்தி பற்றிப் பேசுமிடத்தை வகுப்பில் பலமுறை நடத்தியும் இருக்கிறோம். சொல் பிறக்குமுன் பண்ணின் உருவத்தை வெறும் ஓசைகளால் விரித்துக் காட்டுவது அது. படித்தது ஒன்று, கேட்கும்போது நினைவுக்கு வருவது வேறொன்று.

மாணவர் ஊருக்குத் திரும்பிய பின் ஒரு நீளமான பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒலிபெருக்கியையும் விட்டுச் சென்றிருந்தார். சில நாள் கழித்து, உறக்கம் வராத ஓர் இரவில், பட்டியலின் முதல் பெயரைப் போட்டோம். பிரையன் ஈனோ, ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’, 1978. அப்பாவுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்று சத்தத்தை மிகக் குறைத்து, அவர் கட்டிலுக்கும் எங்கள் அறைக்கும் இடையிலிருந்த மரப்பெட்டிமேல் வைத்திருந்தோம்.

கால்மணி நேரம் கழிந்திருக்கும். அறையிலிருந்து குரல் வந்தது. ‘எந்தத் தெருவுலடே தறி ஓடுது?’

அன்றிரவு அவர் திண்ணைக்குப் போகவில்லை.

ஏன் என்று யோசித்து, அந்த இசை எப்படிச் செய்யப்பட்டது என்று தேடினோம். கிடைத்த விவரம் திகைப்பூட்டியது. தொகுப்பின் ஒரு பகுதியில் ஈனோ, நீண்ட குரலோசைகளைத் தனித்தனி ஒலிநாடாக்களில் பதிந்து, ஒவ்வொன்றையும் வளையமாக ஒட்டி ஓடவிட்டிருக்கிறார். வளையங்கள் வெவ்வேறு நீளம்: ஒன்று 23.5 விநாடிக்கு ஒருமுறை திரும்பும், இன்னொன்று ஏறக்குறைய 26 விநாடிக்கு, மற்றொன்று ஏறக்குறைய 30 விநாடிக்கு. ஒன்றோடொன்று சேரவும் விலகவும் செய்வதை அவர் திட்டமிடவில்லை, நீளங்களே பார்த்துக்கொண்டன. எங்கள் தறிக்கூடத்திலும் நான்கு தறிகள் ஒரே வேகத்தில் ஓடியதில்லை. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடாவை அடிக்கும்; ஆனால் பட்டையின் தளர்ச்சிக்கும் மோட்டாரின் வயதுக்கும் ஏற்ப இம்மியளவு முன்பின்னாக. அபூர்வமாக ஒரு கணம் நான்கும் சேர்ந்து ‘டப்’ என்று ஒற்றை அடியாக விழும், உடனே கலையும். சிறுவயதில் பாயில் படுத்து அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. தறியில் ஓடுவதும் நாடா, ஒலியைப் பதிவதும் நாடா. தமிழ் இதை எப்போதோ தெரிந்து வைத்திருந்தது போலும்!

ஈனோ இந்த வழிக்கு வந்த கதையும் படுக்கையிலிருந்து தொடங்குகிறது. 1975இன் தொடக்கத்தில் வாடகைக் கார் மோதிக் கிடந்தவருக்குத் தோழி ஒருவர் பழைய யாழிசைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை ஓடவிட்டுப் படுத்த பிறகுதான் சத்தம் மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது. எழுந்து போய்த் திருத்த உடம்பில் வலுவில்லை. மழையோசையோடு கலந்து பாதி கேட்டும் பாதி கேளாமலும் ஒலித்த அந்த இசைதான் வாசலைத் திறந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். பிரான்சின் எரிக் சாத்தீ 1917இலேயே ‘அறைக்கலன் இசை’ என்றொரு கருத்தைச் சொல்லியிருந்தார்: நாற்காலியைப் போல அறையில் இருக்க வேண்டும், உற்றுக் கேட்கப்படக் கூடாது. அதே 1917இல்தான், எங்கள் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆண்டு ஒன்றாக இருப்பதில் எங்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி, அவ்வளவுதான்.

இது மேற்கின் சரக்கு என்று ஒதுக்குவாரும் இருக்கலாம். அவர்கள் அகமதாபாத்தைப் பார்க்க வேண்டும். 1969இல் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைஞர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவிக் கொடுத்தார். எழுபதுகளின் தொடக்கம்வரை கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் மின்னணு இசை செய்தார்கள். பிறகு அந்த ஒலிநாடாக்கள் காப்பகத்தில் மறந்து கிடந்தன. பால் புர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் கண்டெடுத்து 2023இல் தொகுப்பாக வெளிவரச் செய்தார். கீதா சாராபாய் 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை கற்பித்தவர். மனத்தை அடக்கி அமைதிப்படுத்துவதே இசையின் நோக்கம் என்று அவர் சொன்னது கேஜின் போக்கையே மாற்றியது என்பது பதிவாகியிருக்கும் செய்தி. சாராபாய் குடும்பம் காலிகோ ஆலையை நடத்திய குடும்பம். அகமதாபாத்தோ நெசவின் நகரம். இன்று இந்திய போஸ்ட்-ராக் என்றால் முதலில் சொல்லப்படும் ‘ஆஸ்வீகீப்சர்ச்சிங்’ குழுவும் அகமதாபாத்தில் தொடங்கியதே. 2015இல் வந்த அவர்களுடைய ‘க்வாப்’ தொகுப்பில் இந்தி வரிகள் அங்கங்கே வந்து இசைக்குள்ளேயே கரைந்துவிடுகின்றன. தறிச்சத்தம் உள்ள ஊர்களில் இந்தக் காது தானாக வளர்கிறது என்று ஒரு கோட்பாடு செய்யும் ஆசை எங்களுக்கு வந்தது. ஆய்வேடாக யாரேனும் கொண்டுவந்தால் நாங்களே திருப்பி அனுப்புவோம்.

அப்பாவின் விமர்சனம் எங்களுடையதைவிடக் கறாரானது. அகமதாபாத் நாடாக்களைப் போட்டால், ‘ஸ்டேஷன் கிடைக்காம ரேடியோவத் திருப்புறான்’ என்பார். கனடாவின் காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர் உச்சத்துக்கு ஏறியபோது, ‘இது பழுதான தறி, நிப்பாட்டு’ என்றார். பின்னதில் அவரோடு எங்களுக்கும் பாதி உடன்பாடு உண்டு. மெல்லத் தொடங்கி, அடுக்கி, கடைசியில் வெடிப்பது என்ற ஒரே ஏற்றத்தை இந்தக் குழுக்களில் பல திரும்பத் திரும்ப ஏறுகின்றன. பட்டிமன்ற நடுவரின் முடிவுரைபோல, எங்கே கைதட்டல் விழும் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. ஆம்பியன்ட் இசையில் அந்தத் தந்திரத்துக்கு இடமில்லை. ஸ்டார்ஸ் ஆஃப் தி லிட் 2007இல் வெளியிட்ட இரட்டைத் தொகுப்பு எங்கேயும் ஏறுவதில்லை. அப்பா அதற்கு மறுப்புச் சொன்னதே இல்லை.

எங்களை அதிகம் அசைத்தவை குரல் இருந்தும் சொல் இல்லாதவை. ஸ்காட்லாந்தின் காக்டோ ட்வின்ஸில் எலிசபெத் ஃபிரேசர் பாடுவது ஆங்கிலமா வேறெதுவுமா என்று ஆங்கிலேயர்களுக்கே விளங்குவதில்லை. ஐஸ்லாந்தின் ஸிகுர் ரோஸ் 2002இல் பெயரே இல்லாத ஒரு தொகுப்பை வெளியிட்டது; இரண்டு அடைப்புக்குறிகள் மட்டுமே அட்டையில். அதில் பாடப்படுவது எந்த மொழியும் அல்ல, பொருளற்ற ஓசைகள். அதைக் கேட்டு முடித்த மாலையில் எங்களில் ஒருவர் சொன்னார்: ‘நாம பேசுறது அப்பாவுக்கு இப்படித்தான் கேட்கும்.’ மற்றவரால் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பின் அவரிடம் பேசும்போது கத்துவதை நிறுத்தினோம். அருகில் போய், தாழ்ந்த குரலில், மெதுவாகப் பேசுகிறோம். சொற்கள் எல்லாம் போய்ச் சேர்வதில்லை என்பது தெரியும்.

நாகசுரத்தில் ஒத்து என்று ஒன்று உண்டு. ஒரே சுருதியைக் கச்சேரி முழுவதும் ஊதிக்கொண்டிருப்பவர் ஒத்துக்காரர். இப்போது பல இடங்களில் மின்சுருதிப்பெட்டி அவர் இடத்தை எடுத்துக்கொண்டது. கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பைப் பற்றி இந்தப் பக்கத்து முதியவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அவருக்கு ஒத்து ஊதியவர் பெயரைச் சொல்ல அவர்களில் யாருக்கும் முடிந்ததில்லை. அதைவிட மோசம், ‘ஒத்து ஊதுகிறான்’ என்பதை நாம் வசையாக்கி வைத்திருக்கிறோம். விளாத்திகுளம் சுவாமிகள் ஒரே ராகத்துக்குள் இரவெல்லாம் தங்கியிருப்பார் என்பார்கள்; அவருக்கும் கீழே ஓர் ஆதார சுருதி விடியும்வரை விழித்திருந்திருக்கும்.

காது இரைச்சல் அப்பாவுக்குக் குணமாகவில்லை. இசை மருந்தென்று யாரிடமும் நாங்கள் சொல்லமாட்டோம். இரைச்சலுக்குப் பக்கத்தில் வேறொன்று தாழ்வாக ஓடினால் அதன் முனை சற்று மழுங்குகிறது, அவ்வளவே. மருத்துவரும் அப்படித்தான் சொன்னார். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை மரப்பெட்டிமேல் வைக்கிறோம். எதைப் போடுவது என்பதில் எங்களுக்குள் சிறு தகராறு நடக்கும். மின்னேற்றம் போடுவதை மட்டும் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

போன வாரமும் அப்படித்தான். மூன்று மணி இருக்கும், ஒலிபெருக்கி அணைந்துவிட்டது. மூவரும் விழித்துக்கொண்டோம். இருட்டில் அப்பா கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

‘தறி நின்னு போச்சுடே,’ என்றார். ‘பாவு அறுந்திருக்கான்னு பாரு.’

பார்க்கிறோம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லி, மின்கம்பியைத் தேடி எழுந்தோம்.