கிணற்றுக்குள் இறங்குவதற்கு முன்



மழைக்கு முன்னர் கிணறு இறைக்கிற காலம் வந்துவிட்டது. போன கிழமை எங்கள் வீதியில் மட்டும் இரண்டு வீடுகளில் பம்ப் சத்தம் கேட்டது. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1990 ஒக்டோபரில் ஊரை விட்டுப் போனபோது எங்கள் வயதுக்காரர்கள் கைக்குழந்தைகள். வளர்ந்ததெல்லாம் கற்பிட்டிப் பக்கத்து ஓலைக் கொட்டில்களில். யுத்தம் முடிந்து முசலிக்குத் திரும்பினால், வீடு இருந்த இடத்தில் காடு. கிணறு மட்டும் மிச்சம். அதற்குள் இருபது வருடத்து இலையும் சேறும்.

முப்பத்தைந்து அடிக் கிணறு. மேலே வைத்த பம்ப் அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீரை இழுக்காது. அதனால் பாதியில் பலகை கட்டி, மண்ணெண்ணெய் பம்பை உள்ளே இறக்கினோம். உம்மம்மா பழைய ஆள். முதலில் வாளியில் விளக்கை வைத்து இறக்கச் சொன்னார். விளக்கு நின்று எரிந்தது. "பயமில்ல" என்றோம். ஒரு மணித்தியாலம் பம்ப் ஓடியது. பிறகு சேறு அள்ள சாச்சா இறங்கினார். உம்மம்மா சண்டை பிடித்து அவர் இடுப்பில் கயிறு கட்டவைத்தார்.

ஐந்து நிமிடம் இருக்காது. "தலை சுத்துது" என்றார். அடுத்த சத்தம் வரவில்லை. மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனான். உம்மம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "ஒருத்தரும் எறங்க வாணாம்! கயித்தை இழுங்க!"

இழுத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாச்சா பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். விளக்கு எரிந்த கிணற்றில் மனிதன் ஏன் மயங்கினான் என்று அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்கியது வகுப்பறையில். நாங்கள் அகதியாக இருந்த நுரைச்சோலைப் பக்கத்தில்தான் லக்விஜய அனல்மின் நிலையம் நிற்கிறது. 2011இல் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது, இன்று 900 மெகாவாற். எங்கள் நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை, எல்லாம் கப்பலில் வருகிறது. அதைப் படிப்பிக்கும்போது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அதத் தோண்டுறவங்க கீழ எப்படி மூச்சு விடுவாங்க?"

பதில் தெரியவில்லை. தேடிப் படித்தோம்.

நிலத்தடிச் சுரங்கத்தில் கரியை வெட்டுவதற்கு முன்பே காற்றுக்குத் திட்டம் போடுகிறார்கள். ஒரு குழியால் நல்ல காற்று இறங்கும். மற்றக் குழியின் வாயில் பெரிய விசிறி, கெட்ட காற்றை இழுத்து வெளியே தள்ளும். இடையில் கதவுகளும் தடுப்புகளும் வைத்து, கரி வெட்டும் முகம் வரைக்கும் காற்றை ஓட்டிக்கொண்டு போவார்கள். இந்தியாவின் சுரங்க விதிப்படி ஓர் ஆளுக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 6 கனமீற்றர் காற்று வேண்டும். சின்னக் குளியலறை ஒன்று நிறையும் காற்று, ஒவ்வொரு நிமிடமும்.

கரிக்குள் மீதேன் அடைபட்டிருக்கும். 2011இல் எங்கள் மன்னார்க் கடலடியில் கண்டுபிடித்த இயற்கை வாயுவும் அந்த இனம்தான். காற்றில் அது 5 முதல் 15 வீதம் வரை கலந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அதனால் வாயு அதிகமுள்ள இடங்களில் முன்கூட்டியே கரிப்படைக்குள் துளையிட்டு, குழாய் பூட்டி, மீதேனை உறிஞ்சி வெளியே எடுத்துவிடுகிறார்கள். சில இடங்களில் அதிலேயே மின்சாரமும் எடுக்கிறார்கள். மீதேன் 1.25 வீதத்தைத் தாண்டினால் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது இந்திய விதி. ஆபத்து 5இல், ஆளை எடுப்பது 1.25இல்.

இந்த விதிகள் சும்மா வரவில்லை. 1862இல் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் இரும்பு உத்தரம் உடைந்து குழிக்குள் விழுந்தது. அந்தச் சுரங்கத்துக்கு ஒரேயொரு வாய்தான். அது அடைபட்டது. 204 ஆண்களும் சிறுவர்களும் இறந்தார்கள், பெரும்பாலானோர் நச்சுக் காற்றால். அதே வருடம் சுரங்கத்துக்கு இரண்டு வாய் வேண்டும் என்று சட்டம் வந்தது. 2014இல் துருக்கியின் சோமா சுரங்கத்தில் தீப்பிடித்து 301 பேர் போனார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது காபனோரொட்சைட்டு.

அந்தப் பெயரில்தான் நாங்கள் நின்றுவிட்டோம். எங்கள் பம்பின் புகையிலும் இருந்தது அதுதான். நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். விளக்கு ஒட்சிசன் குறைந்தால்தான் அணையும், இதைக் காட்டவே காட்டாது. அதிலும் நாங்கள் விளக்குப் பிடித்தது பம்ப் ஓடுவதற்கு முன்னால். இலை அழுகும் சேற்றிலிருந்தும் மீதேனும் காபனீரொட்சைட்டும் வரும். காபனீரொட்சைட்டு பாரமானது, அடியிலேயே கிடக்கும்.

கிணறும் ஒரு வாய்ச் சுரங்கம்தான். காற்று தானாக அடிவரை போய்த் திரும்பாது. ஆகவே:

1. எண்ணெயில் ஓடும் எந்த இயந்திரத்தையும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். கிணற்று வாயிலும் வைக்காதீர்கள். ஆழமென்றால் நீர்மூழ்கி மின் மோட்டரைப் பாவியுங்கள். ஆள் இறங்க முன் அதன் மின்சாரத்தைத் துண்டியுங்கள்.

2. புளோவரில் குழாய் பூட்டி அடிவரை நல்ல காற்றை அனுப்புங்கள். ஆள் மேலே வரும்வரை நிறுத்த வேண்டாம். வேப்பங்கொப்பை ஆட்டுவது போதாது.

3. விளக்கை நம்ப வேண்டாம். மீதேன் இருந்தால் அந்த நெருப்பே வினை.

4. இறங்குபவருக்குக் கயிறு, மேலே இழுக்கக்கூடிய ஆட்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பதில் வராவிட்டால் இழுங்கள்.

5. ஒருவர் மயங்கினால் இன்னொருவர் இறங்கவே கூடாது. காப்பாற்றப் போனவரும் போவார். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். எங்கள் ஊருக்கு மறக்கக்கூடிய எண்ணா அது?

கடைசியாக ஒன்று. புளோவரும் குழாயும் ஒவ்வொரு வீட்டாலும் வாங்க முடியாது. பள்ளிவாசல் நிர்வாகமும் விவசாயச் சங்கமும் சேர்ந்து ஊருக்கு ஒன்று வாங்கி வைக்கலாம். சம்பளத்தில் எங்கள் பங்கை முதலில் தருகிறோம். ஜனாஸாவைத் தூக்க எங்கள் பள்ளியில் சந்தூக்கு இருக்கிறது. அதைத் தூக்காமல் இருக்க உதவும் சாமானும் அதே அறையில் இருக்கட்டும்.

கிணறு வைத்திருக்கிற ஒருவருக்காவது இதைச் சொல்லிவிடுங்கள். அல்லாஹ் எல்லோரையும் பாதுகாப்பானாக.