சும்மா ஒரு திருவனந்தபுரம்

நாகர்கோவில்காரர்களுக்குத் திருவனந்தபுரம் என்றால் ஒன்று ஆஸ்பத்திரி, இல்லையென்றால் ஏர்போர்ட். அப்பாவின் நெஞ்சுவலி, ஆர்.சி.சி.யில் சித்தியின் கீமோ, அண்ணனின் துபாய் விமானம் என்று நானும் முப்பது தடவையாவது போயிருப்பேன். ஊரைப் பார்த்ததில்லை. பாட்டிக்கு அதுதான் தலைநகரம். 1956 நவம்பர் 1-ல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும்வரை எங்களுக்கும் அரசாங்கம் அங்கேதான் இருந்தது.

அண்ணன் மகள் ஜெர்மனியில் படிக்கிறாள். போன வருஷம் முதுகில் ஒரு பையோடு ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று தனியாகச் சுற்றினாள். எட்டுப் பேர் படுக்கும் அறை, ராத்திரி பஸ், ரொட்டியும் வாழைப்பழமும். லீவுக்கு வந்தவள் அந்தப் பையை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அது ஆணியில் தொங்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் அதில் இரண்டு சுடிதாரைத் திணித்துக்கொண்டு காலை பாசஞ்சரில் ஏறிவிட்டேன்.

பாறசாலை தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பேச்சு மலையாளமாகிவிடும். டீ சாயாவாகிவிடும். பாஸ்போர்ட் கேட்பாரில்லை.

தம்பானூரில் ரயிலடிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் அருகில், செங்கல்லில் நத்தைக்கூடு போல நிற்கிறது இந்தியன் காபி ஹவுஸ். கட்டியவர் லாரி பேக்கர். பர்மிங்காமில் பிறந்து, இந்த ஊரிலேயே வாழ்ந்து, 2007-ல் இங்கேயே மறைந்தவர். குறைந்த செலவில் கட்டுவதையே தொழில்தர்மமாக வைத்திருந்தவர். கையிருப்பை எண்ணியெண்ணிச் செலவழிக்கும் பயணிக்கு அவர் கட்டிய இடத்தில்தான் முதல் காபி என்பது பொருத்தமாகவே பட்டது. உள்ளே மாடி என்று தனியாக இல்லை. சரிவான தரை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. சுவரோரமாக மேசைகளும் கூடவே ஏறுகின்றன. செங்கல் இடுக்குகள் வழியாக வெளிச்சமும் காற்றும் வருகின்றன. மசாலா தோசைக்குள் பீட்ரூட். கட்டடத்துக்காக அதை மன்னித்தேன்.

கிழக்கேகோட்டைக்கு நடந்தே போனேன். குதிரமாளிகையின் கூரை இறவாணத்தை மரக்குதிரைகள் தாங்குகின்றன, மொத்தம் 122. நான் எண்ணத் தொடங்கி நாற்பதுக்கு மேல் குழம்பிவிட்டேன். மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனை இது. 33 வயதில், 1846-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். தான் கட்டியதில் அதிக நாள் வாழவில்லை. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு பாடியதும் வயலின் வாசித்ததும் இவர் அவையில்தான். தஞ்சாவூரிலிருந்து இவ்வளவு தூரம் எந்த வண்டியில், எத்தனை நாளில் வந்திருப்பார்? ஒரு வாசலில் நின்று இதையே யோசித்துக்கொண்டிருந்ததில், வழிகாட்டி அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

வெளியே வந்தால் பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி மேத்தன் மணி என்ற கடிகாரம். தாடிக்காரர் முகம், இரு பக்கமும் இரண்டு ஆடுகள். மணி அடிக்கும்போது தாடிக்காரர் வாயைத் திறப்பார், ஆடுகள் வந்து அவர் கன்னத்தில் முட்டும். ப்ராக்கில் 1410-லிருந்து ஒரு கடிகாரம் இருக்கிறது, மணிக்கொரு தரம் சன்னலில் அப்போஸ்தலர்கள் வந்துபோவார்கள். அதைப் பார்க்கக் கூடும் கூட்டத்தில் தன் கால் நசுங்கியதை அண்ணன் மகள் வீடியோவோடு அனுப்பியிருந்தாள். இங்கே பதினொரு மணிக்கு அண்ணாந்து நின்றவர்கள் நானும் ஒரு கடலைக்காரரும். கடலைக்காரர் கூட வாட்சைச் சரிபார்க்கத்தான் பார்த்தார்.

பத்மநாபசுவாமி கோவிலுக்குச் சாயங்காலம். பையையும் போனையும் கொடுத்துவிட்டு, சுடிதாருக்கு மேல் முண்டு சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். வெளியே ஏழு நிலைக் கோபுரம் நம்மூர்ச் சாயலில் நிற்கிறது; உள்ளே போனதும் மரமும் எண்ணெய் விளக்குமாக வேறு தேசம். பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க முடியும். முகம் ஒன்றில், நாபி ஒன்றில், பாதம் ஒன்றில். முழுசாக ஒரே பார்வையில் கிடைப்பதில்லை. வரிசையில் பின்னாலிருந்த அம்மா தள்ளியதில் பாதத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டேன்.

ராத்திரி தம்பானூரில் ஒரு பெண்கள் டார்மிட்டரி. பக்கத்துக் கட்டில்களில் பி.எஸ்.சி. பரீட்சைக்கு வந்த மூன்று பெண்கள், நடுராத்திரிவரை பொது அறிவை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நேப்பியர் மியூசியம் முடிந்த வருஷம் 1880, கட்டடக் கலைஞர் சிஷோம் என்பதெல்லாம் காதில் விழுந்தது. சென்னை செனட் ஹவுஸும் அவர்தான் என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னேன். “சேச்சி ஏது பரீட்சையா?” என்று கேட்டார்கள்.

மறுநாள் மியூசியத்தைப் பார்த்துவிட்டு மத்தியான வண்டி பிடித்தேன். எதிர் சீட்டில் இரணியலில் இறங்க வேண்டிய ஒரு பாட்டி. என் பையை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆருக்கு மக்களே சொகமில்ல? மெடிக்கல் காலேஜா, ஆர்.சி.சி.யா?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல பாட்டி. ஊரு பாக்கப் போனேன்.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு என் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “சொல்லப்பிடாதுன்னா சொல்லாண்டாம் மக்களே” என்றாள்.