குற்றவாளி டர்போ அல்ல!

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நண்பர்கள் கேட்டதும் கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நமக்கு அது வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு லாரியின் கரும்புகைதான். அதையே எழுதிவிடுகிறேன். இது நான் ஜெயித்த கதை அல்ல நண்பர்களே, தோற்ற கதை.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். லாரி பாடி கட்டும் பட்டறைச் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். அப்பாவுக்கு ஒரே ஒரு பழைய டர்போ லாரி. அவரே ஓனர், அவரே டிரைவர். மாதாமாதம் பைனான்ஸ் தவணை போக மிஞ்சுவதுதான் எங்கள் சாப்பாடும் என் படிப்பும்.

சென்ற ஆண்டு செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா சொன்னார்: "என்னன்னே தெரியல கண்ணு, தொப்பூர் ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்குது. பின்னாடி வர்றவனுக்கு ரோடே தெரியாத அளவுக்குக் கரும்புகை. டீசல் வேற கூடக் குடிக்குது."

டர்போசார்ஜர் பற்றிப் பத்து மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதியவன் நான். சும்மா இருப்பேனா? ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைக் கழற்றி விரலை விட்டேன். விரலில் எண்ணெய். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினேன். ஆடியது. "சீல் போச்சு, பேரிங்கும் போச்சுங்கப்பா. டர்போவை மாத்திரலாம்" என்றேன். மொத்தம் ஐந்து நிமிடம்தான்!

"படிச்ச பையன் சொல்றான்" என்று அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. பழைய டர்போவை எக்ஸ்சேஞ்சில் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் புதியதை மாட்டினோம். அப்பா சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா கிளம்பினார். அன்று ராத்திரியே தொப்பூரிலிருந்து போன் வந்தது.

"கண்ணு, அதே புகைதான்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

லோடு இறக்கித் திரும்பியதும் அப்பா தனக்குப் பழக்கமான ஒரு மேஸ்திரியிடம் வண்டியை விட்டார். நானும் கூடப் போனேன். எட்டாவது தாண்டாத மனிதர். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான்.

"சமதளத்துல இழுக்குதுங்களா? திடீர்னு இப்படி ஆச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா? டர்போ சத்தத்துல ஏதாச்சும் வித்தியாசம் இருக்குங்களா?"

"ஏத்தத்துல லோடு வாங்குறப்ப மட்டும் 'உஸ்'னு ஒரு சத்தம் வருதுங்க" என்றார் அப்பா. எனக்குச் சுருக்கென்றது. இதை நான் கேட்கவே இல்லையே!

இங்கே பாடத்தை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக்கொள்வோம். வீணாய்ப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே ஷாஃப்டின் மறுமுனைச் சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும் டர்போக்கள் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1 பார். பூஸ்ட் இன்னொரு பார் சேர்ந்தால் எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காற்று. அந்தக் காற்று வழியில் கசிந்தால்? டீசல் வழக்கம்போல வரும், எரிக்கக் காற்று போதாது. இழுவை குறையும், எரியாத கரி கரும்புகையாக வெளியேறும்.

மேஸ்திரி வரிசையாகப் பார்த்தார். ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கிறதா? இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் கேஸ்கட் ஊதிக் கரி படிந்திருக்கிறதா? இல்லை. பிறகு எஞ்சினை அணைத்து, டர்போவின் காற்று வாயை ஒரு மூடியால் அடைத்தார். அந்த மூடியில் டியூப் வால்வு ஒன்று பொருத்தியிருந்தார், அவரே செய்தது! அதன் வழியாகக் கம்ப்ரஸர் காற்றை 10 பி.எஸ்.ஐ. அளவுக்கு மட்டும் விட்டு, இன்டர்கூலர் ஹோஸ்கள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினார்.

இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில் 'புசுபுசு'வென்று நுரை கிளம்பியது. ஒரு விரல் நீளக் கிழிசல்! வண்டி சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும், ஏற்றத்தில் பூஸ்ட் ஏறியதும் வாயைத் திறக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

"அப்ப அந்த எண்ணெய்? ஷாஃப்ட் ஆட்டம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பிரீதர் பைப்பு அங்கதான சேருது தம்பி, லேசா எண்ணெய் பூசியிருக்கறது சகஜம். ஷாஃப்ட் பக்கவாட்டுல கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எஞ்சின் ஓடுறப்ப எண்ணெய்ப் படலத்துல மெதக்கும். முன்னும் பின்னும் ஆடுதா, இறக்கை கூட்டுல உரசுதான்னுதான் பாக்கோணும்."

அத்தோடு விடவில்லை. ஹோஸ் ஏன் கிழிந்தது என்று தேடினார். அதைத் தாங்கும் கிளாம்ப் உடைந்து, ஹோஸ் தொங்கி, சேஸிஸ் பிராக்கெட்டில் உரசியிருக்கிறது. "இத விட்டுட்டுப் புது ஹோஸ் போட்டா அதுவும் கிழியும். கசியற காற்றுக்கு ஈடுகட்ட அதிகமாச் சுத்திச் சுத்திப் புது டர்போவும் போயிரும்" என்றார். ஒரு ஹோஸ், இரண்டு கிளாம்ப். செலவு சில நூறு ரூபாய். அடுத்த லோடுக்குத் தொப்பூரில் புகை இல்லை.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்-6 வண்டிகளில் சென்சார் இருக்கிறதே என்பீர்கள். ஸ்கேனர் "பூஸ்ட் குறைவு" என்று கோடு காட்டும், உண்மைதான். ஹோஸ் கிழிந்ததா, ஃபில்டர் அடைத்ததா என்று நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும். லாரிக்கு மட்டுமல்ல, டர்போ காருக்கும் இதே கதைதான். நோய் எது, அதன் காரணம் எது என்று கண்டபிறகே வைத்தியம் என்று வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார். நான் தலைகீழாகச் செய்தேன்.

சங்கிலியை மீட்க ஏழு மாதம் ஆனது. மீட்ட அன்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ கட்டுன ஃபீஸ்னு நெனச்சுக்கறேன் கண்ணு. அதே பாடத்துக்கு இன்னொரு தடவை கட்டிராத."

நண்பர்களே, சீக்கிரமே நாமெல்லாம் ஏதோ ஒரு பட்டறையில் நிற்கப் போகிறோம். "மாத்திருங்க" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தைக்காக, எதிரில் நிற்பவர் வீட்டில் ஒரு சங்கிலி கழுத்தை விட்டு இறங்கலாம். சொல்வதற்கு முன் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரை எடுத்து வையுங்கள்!

— மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை